குதிரைத்தொட்டி ரோட்டில் இருநூற்றுப் பதினான்கு வண்டிகள்

ரேலீன் சாம்பல் நிறப் பெட்டியைத் திறந்து உள்ளே தெரிந்த எண்ணைப் பார்த்தாள். கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியில் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடியும் பார்த்தாள். சராசரியாக நாளொன்றுக்கு இருநூற்றுப் பதினான்கு வண்டிகள்.

குதிரைத்தொட்டி ரோட்டில் மொத்தமே ஏழு வீடுகள். அதிலும் ஒன்று பூட்டிக் கிடக்கிறது. ஐந்தாவது வீடு ரேலீனுடையது. தார் ரோட்டிலிருந்து பிரியும் அந்த மண் ரோடு, ஆடு மேயும் புல்வெளிகளுக்கு நடுவே பதினான்கு கிலோமீட்டர் போய், ஆல்பி ஹாங்கின்ஸின் வேலியில் முட்டிக்கொண்டு நின்றுவிடும். அதற்கப்பால் வழி கிடையாது. வழி தவறி வருகிறவர்கள்கூட வருடத்துக்கு நாலு பேர்தான்.

ரோட்டின் குறுக்கே போட்டிருந்த கறுப்பு ரப்பர் குழாயைக் காலால் அழுத்திப் பார்த்தாள். பெட்டியில் எண் ஒன்று ஏறியது. கருவியில் கோளாறில்லை.

இரண்டு வருடத்துக்கு முன்புவரை அவளுக்கு இந்த வேலை இல்லை. கரவீன் ஷையர் என்ற ஊராட்சி அலுவலகத்தில், சொத்து வரி கவுன்ட்டரில் இருபத்திரண்டு வருடம் உட்கார்ந்திருந்தாள். வரி கட்ட வருகிறவர்கள், நாயைப் பதிவு செய்ய வருகிறவர்கள், சும்மா ஊர்க்கதை பேச வருகிறவர்கள், எல்லாரும் வந்து நிற்பது அவள் முன்னால்தான். பிறகு மாநில அரசாங்கம் கரவீனையும் பக்கத்து ஹார்ட்வெல்லையும் சேர்த்து ஒரே கவுன்சிலாக்கியது. இணைப்பு வேண்டாம் என்று கரவீனில் எண்ணூறு பேர் கையெழுத்துப் போட்டார்கள். அந்தக் காகிதங்களைக் கவுன்ட்டர் ஓரத்தில் வைத்து, வந்தவர்கள் கையில் பேனாவைக் கொடுத்தவளே ரேலீன்தான். எண்ணூறு கையெழுத்தும் எந்த மேஜையில் போய்ப் படுத்தனவோ, ஒன்றும் நடக்கவில்லை. புதுக் கவுன்சிலுக்கு ‘ஹைரேஞ்ச்’ என்று பெயர் வந்தது. இரண்டு ஊரிலும் மலை என்று சொல்லிக்கொள்ளும்படி எதுவும் இல்லை.

கரவீன் கவுன்ட்டரை மூடினார்கள். ரேலீனுக்கு ஆரஞ்சு நிற மேல்சட்டை ஒன்றும், பிக்கப் வண்டி ஒன்றும், ரப்பர் குழாய்ச் சுருள்களும் கொடுத்து, “ரோடு ரோடாப் போய் வண்டிகளை எண்ணிக் கொண்டு வாங்க” என்றார்கள்.

எண்ணுவதற்குக் காரணம் இருந்தது. மண் ரோடுகளை வழித்துச் சமன்செய்யும் கிரேடர் வண்டி முன்பு ஊருக்கு ஒன்றாக இரண்டு இருந்தன. சிக்கனம் என்று ஒன்றை விற்றுவிட்டார்கள். மிச்சமிருந்த ஒன்று எல்லா ரோட்டுக்கும் போதாது. அதனால் போக்குவரத்து அதிகமுள்ள ரோடுகளுக்கு வருடத்தில் மூன்று தடவை, மற்றதற்கெல்லாம் ஒரே தடவை என்று முடிவாயிற்று. அதோடு, இந்த ஜூலையில்தான் இரண்டு ஊருக்கும் ஒரே வரி விகிதம் என்று ஆகி, கரவீன் பக்கத்துப் பண்ணைகளுக்குச் சொத்து வரி மூன்றில் ஒரு பங்கு ஏறியிருந்தது. வரி ஏறிய கையோடு கிரேடரும் போகிறது என்றால் யாருக்குத்தான் வயிறு எரியாது.

பெட்டியைச் சாத்திவிட்டு நிமிர்ந்தபோது, தூரத்தில் தூசி எழும்பி வந்தது. ஆல்பி ஹாங்கின்ஸின் பழைய வெள்ளை வண்டி. குழாய்மேல் ஏறி இறங்கி, அவளைக் கடந்து, பழைய கல்தொட்டி வரை போய்த் திரும்பி, மறுபடியும் குழாய்மேல் ஏறுவதற்கு வந்தது. ஆரஞ்சுச் சட்டையை அப்போதுதான் கவனித்திருக்க வேண்டும். வண்டி மெதுவாகி நின்றது.

ஆல்பிக்கு எழுபத்துமூன்று வயது. ரேலீனின் அப்பாவோடு ஊர்த் தீயணைப்புப் படையில் இருந்தவர். நடக்கப் பழகிய நாளிலிருந்து அவளுக்கு அவர் ஆல்பி மாமா.

“என்ன மாமா, எங்க கிளம்பிட்டீங்க?”

“கேட்டைச் சாத்தினேனான்னு ஒரு சந்தேகம். பாக்கப் போறேன்.”

“இப்பதானே அந்தப் பக்கமிருந்து வந்தீங்க.”

“அப்ப பாக்க மறந்துட்டேன்.”

பக்கத்து இருக்கையில் அவருடைய நாய் கொட்டாவி விட்டது. அதற்கும் இந்தப் பயணம் அலுத்துப் போயிருந்தது.

“ஒரு நாளைக்கு இருநூத்திப் பதினாலு வண்டின்னு காட்டுது மாமா.”

“ஊர் வளருதும்மா” என்றார் ஆல்பி. முகத்தில் ஒரு சுருக்கம் மாறவில்லை. “நீ வியாழக்கிழமைதான் வருவேன்னுல்ல சொன்னாங்க?”

“யார் சொன்னாங்க?”

அவர் கியரை மாற்றினார். வண்டி குழாய்மேல் ஏறி இறங்கிப் போனது. இருநூற்றுப் பதினான்கோடு இன்னும் ஒன்று.

யார் சொன்னார்கள் என்று அவளுக்கு நன்றாகத் தெரியும். வியாழக்கிழமை பெட்டியைத் திறக்கப் போவதாக அவள் சொன்னது ஒரே ஒருவரிடம்தான். அவள் கணவன் கிளைவிடம்.

அன்று சாயங்காலம் வேகவைத்த மாட்டிறைச்சியும் முட்டைக்கோசும் உருளைக்கிழங்கும். கிளைவ்தான் சமைத்திருந்தான். முப்பது வருடம் ஆட்டுக்கு ரோமம் கத்தரித்து முதுகு போய், இப்போது வீட்டோடு இருக்கிறான். வழக்கத்தைவிட அடக்கமாகத் தட்டை அவள் முன்னால் வைத்தான்.

“இன்னைக்குக் கார் எடுத்தியா?”

“ம். ரொட்டி வாங்கப் போனேன்.”

“ரொட்டி எங்க?”

கிளைவ் அலமாரியைப் பார்த்தான், அவளைப் பார்த்தான், பிறகு உருளைக்கிழங்கைப் பார்த்தான்.

“செவ்வாயும் வெள்ளியும் காலைல என் முறை” என்றான்.

“முறையா?”

“மூணாவது வீட்டு பெர்னிஸ்தான் அட்டவணை போட்டிருக்கா. காலைல மூணு பேர், மத்தியானத்துக்கு மேல மூணு பேர். ஆளுக்குப் பதினஞ்சு தடவை போய்ட்டு வரணும். நீ வேலைக்குப் போனப்புறம் ஆரம்பிச்சு, நீ வர்றதுக்குள்ள முடிச்சுருவோம். ஆல்பி மட்டும் கணக்கில்லாம ஓட்டுறாரு. அவரை யாரு தடுக்க முடியும்?”

“இந்த ரோட்டுல முப்பது தடவையா? உன் முதுகு?”

“மெதுவாத்தான் ஓட்டினேன்.”

அவளுக்குச் சிரிப்பு வந்தது. சிரித்தும் விட்டாள். ஆனால் அடுத்ததைக் கேட்டபோது சிரிப்பு நின்றுபோயிருந்தது.

“எண்ணுறது நான்தான்னு தெரிஞ்சே பண்ணீங்களா, கிளைவ்?”

“நீ எண்ணுறதாலதான் பண்ணோம்” என்றான் அவன், ஒளிக்காமல். “வேற ஆளா இருந்தா கண்டுபிடிச்சுருவாங்க. நீயா இருந்தா கண்டாலும் காணாத மாதிரி இருந்துருவேன்னு ஆல்பி சொன்னாரு. நானும் அப்படித்தான் நெனச்சேன். வரியை ஏத்துறப்ப நம்மளை யாராவது கேட்டாங்களா? இதுல மட்டும் நாம ஏன் யோக்கியமா நடந்துக்கணும்?”

ரேலீன் தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். கண்டும் காணாமல் இருப்பாள் என்று தன்னைப்பற்றி ரோட்டுக்காரர்கள் எல்லாரும் பேசி முடிவெடுத்திருக்கிறார்கள். அதைத் தன் வீட்டுக்காரனும் உட்கார்ந்து கேட்டுத் தலையாட்டியிருக்கிறான். இறைச்சியை நறுக்கித் தின்று முடித்து, தட்டைக் கழுவி வைத்துவிட்டுப் படுக்கப் போனாள்.

மறுநாள் ஹார்ட்வெல் அலுவலகத்தில் ரோடுகளுக்கான இன்ஜினியர் ஹேமிஷைப் பார்த்தாள். அவளைவிடப் பதினெட்டு வயது இளையவன். இணைப்புக்குப் பிறகு வந்தவன் என்பதால் இரண்டு ஊர்க்காரர்களுக்கும் அவன் அந்நியன். அது அவனுக்கு ஒரு வகையில் சௌகரியமாகவும் இருந்தது.

“குதிரைத்தொட்டி ரோட்டு எண்ணிக்கை தப்பு” என்றாள்.

“எவ்வளவு தப்பு?”

“பத்து மடங்கு இருக்கும்.”

அவன் வரைபடத்தைப் பார்த்தான். அந்த ரோட்டில் ஏழு புள்ளிகள். பிறகு அவளைப் பார்த்தான். அவளுடைய விலாசம் அவனுக்குத் தெரியும். மேற்கொண்டு எதுவும் கேட்காத நாகரிகம் அவனிடம் இருந்தது.

“மூணு தடவைப் பட்டியல்ல ஒரே ஒரு இடம்தான் மிச்சமிருக்கு ரேலீன். இருநூத்திப் பதினாலு வெச்சுப் பாத்தா அது உங்க ரோட்டுக்கு. அதை எடுத்துட்டா, அடுத்து நிக்கிறது ஹார்ட்வெல் பக்கத்துக் காளவாய் ரோடு. முப்பத்தெட்டு வண்டி. உங்களுதை இருபதுன்னு குத்துமதிப்பாப் போட்டுறவா?”

“வேண்டாம். குத்துமதிப்புன்னா, ஹார்ட்வெல்காரங்க ஒக்காந்த இடத்துலேயே எங்க ரோட்டைப் பறிச்சுட்டாங்கன்னு சொல்லுவாங்க. நான் நேர்ல ஒக்காந்து எண்ணுறேன். எங்க ரோட்டுல மூணு நாள், காளவாய் ரோட்டுல மூணு நாள். ரெண்டுக்கும் ஒரே அளவு.”

“உங்க ரோட்டுல நீங்களே எண்ணினா யாரும் குறை சொல்ல மாட்டாங்களா?”

“சொல்லுவாங்க. எப்படியும் சொல்லத்தான் போறாங்க.”

அங்கே ஆகஸ்ட் குளிர்காலம். திங்கட்கிழமை காலை ஐந்தரைக்கு, புல்லெல்லாம் உறைபனியில் வெளுத்துக் கிடக்கும்போது, தார் ரோடு பிரியும் இடத்தில் மடக்கு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தாள். பிளாஸ்கில் தேநீர், மடியில் நோட்டு, முழங்காலில் போர்வை. போகிற வண்டியையெல்லாம் எழுதினாள். யாருடைய வண்டி, எத்தனை மணி, எந்தப் பக்கம். கூடவே, எதற்காக என்றும் ஒரு கட்டம் போட்டிருந்தாள். அது அவளாகச் சேர்த்துக்கொண்டது.

அன்று காலை ஆல்பி ஐந்து தடவை போய் வந்தார். ஒவ்வொரு தடவையும் அவள் எழுந்து, கையைக் காட்டி நிறுத்தி, “எதுக்குப் போறீங்க மாமா?” என்று கேட்டாள். முதல் தடவை கேட். இரண்டாவது தடவை தபால். மூன்றாவது தடவை, தபால் வந்ததா என்று மறுபடியும் பார்க்க. நாலாவது தடவை, நாய்க்குக் காற்று வேண்டுமாம். அவள் ஒவ்வொன்றையும் அவர் சொன்னபடியே எழுதிக்கொண்டாள்.

“என்னத்தை எழுதுற?”

“நீங்க சொன்னதை. ‘நாய்க்குக் காற்று.’ இது கவுன்சில் கூட்டத்துல எல்லார் முன்னாலயும் படிப்பாங்க.”

ஐந்தாவது தடவை அவர் நிற்காமல் போனார். அதன்பின் வரவில்லை.

மதியம் மூன்றாவது வீட்டு பெர்னிஸ் வந்தாள், நடந்தே. கையில் தேங்காய்த்தூளில் புரட்டிய லாமிங்டன் கேக் ஒரு தட்டு. அட்டவணை போட்டவள் அவள்தான். பள்ளிக்கூடத்தில் ரேலீனுக்கு இரண்டு வகுப்பு மூத்தவள்.

“நடந்து வந்தா எண்ண மாட்டேல்ல?” என்று தட்டை நீட்டினாள்.

“கேக்கையும் எண்ண மாட்டேன்.”

“ரேலீன், நான் சொல்றதைக் கேளு. நமக்கு வரி எவ்வளவு ஏறியிருக்குன்னு உனக்குத் தெரியாதா? அந்தப் பணம் எங்க போகுது? ஹார்ட்வெல்ல நீச்சல் குளம் கட்டி வெச்சிருக்கான், அதோட கடனுக்குப் போகுது. நாம அங்க போய்க் குளிக்கவா போறோம்? ஒரு கிரேடரை மூணு தடவை வரவழைக்கிறதுக்கு நாலு பொய் சொன்னா அது பாவமா?”

“இடம் ஒண்ணுதான் இருக்கு பெர்னிஸ். நமக்கு வந்தா இன்னொரு ரோட்டுக்குப் போயிரும்.”

“போகட்டுமே. அது ஹார்ட்வெல் ரோடுதானே.”

“எனக்கு அந்த ரோடே தெரியாது. பாக்காம எப்படிப் போகட்டும்னு சொல்றது?”

பெர்னிஸ் தட்டை வைத்துவிட்டுப் போனாள். ஆனால் மறுநாள் காலை காரில் போனபோது கை காட்டவில்லை. அதற்கு மறுநாள் யாருமே கை காட்டவில்லை. எதிரே வரும் வண்டிக்கு ஸ்டீயரிங்கிலிருந்து ஒரு விரலையாவது தூக்குவது அந்த ரோட்டில் மூச்சு விடுகிற மாதிரி. அது இல்லாமல் ஆறு மணி நேரம் உட்கார்ந்திருந்தபோதுதான் குளிர் எலும்புக்குள் இறங்கியது.

கிளைவ் மட்டும் மத்தியானம் சூப் கொண்டுவந்தான். காரில்.

“இதை எண்ணுவியா?”

“எண்ணுவேன். சூப் கொண்டுவந்தது நெஜம்தானே.”

மூன்று நாளும் கூட்டிப் பார்த்தாள். பத்தொன்பது, இருபத்திரண்டு, பதினேழு. கம்பளி லாரியும், தபால்காரரும், கிளைவின் சூப்பும், அவளுமே சேர்த்து.

காளவாய் ரோடு அவள் நினைத்த மாதிரி இல்லை. ஹார்ட்வெல் என்றால் அவளுக்கு நீச்சல் குளமும், கண்ணாடி வைத்த கவுன்சில் கட்டடமும், மூன்று ரவுண்டானாக்களும்தான். இது ஊருக்கு வெளியே, எப்போதோ மூடிய சுண்ணாம்புக் காளவாயை ஒட்டிப் போகிற ஒன்பது கிலோமீட்டர். சிமென்ட் தகடு வைத்துக் கட்டிய சின்னச் சின்ன வீடுகள் பதினான்கு. சக்கரத்தை எடுத்துவிட்டுக் கல்மேல் நிறுத்திய கேரவன்கள் இரண்டு. ரோடு சலவைப் பலகை மாதிரி வரி வரியாக இருந்தது. குழிகளில் யாரோ உடைந்த செங்கல்லைப் போட்டு மிதித்து வைத்திருந்தார்கள்.

ஐந்தரை மணிக்கே வண்டிகள் வர ஆரம்பித்தன. எல்லாம் இறைச்சித் தொழிற்சாலைக் காலை ஷிஃப்டுக்குப் போகிறவை. ஏழரைக்கு ஒரு மினி பஸ் வந்து நின்றது. ஓட்டி வந்த பெண் கண்ணாடியை இறக்கினாள். நாற்பது வயதிருக்கும். தலையில் கம்பளித் தொப்பி.

“யாரு நீங்க? யாராவது செத்துட்டாங்களா?”

வண்டிகளை எண்ண வந்திருப்பதாக ரேலீன் சொன்னாள். பஸ் ஓட்டியவள் பெயர் மார்லீன். கவுன்சிலின் சமூக பஸ் ஓட்டுகிறவள். வீடும் இதே ரோட்டில். பின்னால் ஒரு பெரியவர் கம்பளிக்குள் சுருண்டு உட்கார்ந்திருந்தார். வாரத்துக்கு மூன்று நாள் ரத்தம் சுத்திகரிக்க ஆஸ்பத்திரிக்குப் போகிறவர். பள்ளிக்கூடப் பிள்ளைகள் நான்கு பேர் கண்ணாடியில் மூக்கை அழுத்திப் பார்த்தார்கள்.

“போன ஜூலைல இந்தக் குழியில மாட்டிக்கிட்டு ஒன்றரை மணி நேரம் நின்னோம்” என்றாள் மார்லீன். “பின்னால லெஸ் அண்ணன் முகம் சாம்பல் கலரா ஆயிருச்சு. டிராக்டர் வெச்சிருக்கிற ஆளு யாரும் இந்த ரோட்டுல கிடையாது.”

பின்னாலிருந்த பெரியவர், “சாம்பல் இல்ல. பச்சை” என்று திருத்தினார்.

சாயங்காலம் திரும்பி வந்தபோது மார்லீன் பஸ்ஸை ஓரங்கட்டிவிட்டு இறங்கி வந்தாள்.

“உங்க பேச்சு ஹார்ட்வெல் பேச்சு இல்லியே. கரவீனா?”

“கரவீன்தான். குதிரைத்தொட்டி ரோடு.”

“உங்க பக்கம் பாலம் கட்டின கடனெல்லாம் எங்க தலையிலதான் வந்து விழுந்திருக்குன்னு இங்க பேசிக்கிறாங்க.”

“எங்க பக்கம் உங்க நீச்சல் குளத்தைப் பத்திப் பேசிக்கிறாங்க.”

மார்லீன் கையை விரித்தாள். “நான் அந்தக் குளத்துல எறங்கினதே இல்ல. டிக்கெட் ஏழு டாலர்.” பிறகு, “இந்த வருஷம் என் வரி நோட்டீஸ் பாத்தீங்களா? நூத்திப் பத்து டாலர் கொறஞ்சிருந்துச்சு. வாழ்க்கைல மொத தடவையா கவுன்சில் எனக்குக் கொறைச்சிருக்கு. தப்பா அச்சடிச்சுட்டாங்கன்னு நெனச்சு ஆபீசுக்கே போய்க் கேட்டேன். இல்லம்மா, ரெண்டு ஊருக்கும் ஒரே விகிதம் ஆயிருச்சு, இவ்வளவு நாளா உங்ககிட்ட அதிகமா வாங்கிட்டிருந்தோம்னு சொன்னாங்க.”

ரேலீன் நோட்டைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். இருபத்திரண்டு வருடம் வரி கவுன்ட்டரில் இருந்தவள். ஆல்பியின் இரண்டாயிரம் ஏக்கர் என்ன விலைக்குப் போகும் என்று அவளுக்குத் தெரியும். அதற்குக் கரவீனில் எவ்வளவு குறைவாக வரி போட்டிருந்தார்கள் என்றும் தெரியும். அப்போது அது கரவீனின் கெட்டிக்காரத்தனம் என்றுதான் அவளும் பெருமையாகப் பேசியிருக்கிறாள். எண்ணூறு கையெழுத்து வாங்கியபோது, வேலிக்கு அந்தப் பக்கம் இப்படி ஒரு தகட்டு வீட்டில் ஒருத்தி கூடுதலாகக் கட்டிக்கொண்டிருந்தாள் என்பது அவள் மனதில் தோன்றவே இல்லை.

“ஒண்ணு கேக்கணும்” என்றாள் மார்லீன். “உங்க ரோட்டுக்கும் எங்க ரோட்டுக்கும்தான் போட்டின்னு பஸ்ல ஒருத்தர் சொன்னாரு. அப்ப நீங்க எங்களுக்கு எதிராத்தான் ஒக்காந்திருக்கீங்களா?”

“எண்ணத்தான் ஒக்காந்திருக்கேன். போறதை எழுதுவேன். போகாததை எழுத மாட்டேன்.”

மார்லீன் அவளை ஏற இறங்கப் பார்த்தாள். நம்பினாளா என்று தெரியவில்லை. ஆனால் மறுநாள் மழை தூறியபோது பஸ்ஸிலிருந்து ஒரு பெரிய கறுப்புக் குடையை எடுத்து வந்து, நாற்காலிக்குப் பின்னால் கம்பி வேலியில் கட்டிவிட்டுப் போனாள்.

நாற்பத்தொன்று, நாற்பத்தாறு, முப்பத்தொன்பது.

இரண்டு ரோட்டு எண்ணிக்கையையும் எழுதி ஹேமிஷிடம் கொடுத்தாள். ‘எதற்காக’ என்ற கட்டத்தையும் அப்படியே வைத்திருந்தாள். செப்டம்பர் கூட்டத்தில் கவுன்சிலர்கள் மூன்றே நிமிஷத்தில் அதை முடித்தார்கள். காளவாய் ரோட்டுக்கு மூன்று தடவை. குதிரைத்தொட்டி ரோட்டுக்கு ஒரு தடவை. நாய்க்குக் காற்று என்பதை யாரும் படிக்கவில்லை. அந்த ஒரு வரியை அவள்தான் கொடுப்பதற்கு முன் அடித்திருந்தாள்.

அடுத்த சனிக்கிழமை தீயணைப்புப் படைக் கொட்டகையில் ஊர்க்கூட்டம், சாசேஜ் வாட்டி ரொட்டியில் வைத்துக் கொடுத்தார்கள். ரேலீன் போய் வரிசையில் நின்றதும் முன்னால் நின்றவர்களின் பேச்சு அடங்கியது. ஆல்பிதான் இடுக்கி பிடித்துக்கொண்டு அடுப்பருகில் நின்றார்.

“ஹார்ட்வெல்காரிக்கு ஒண்ணா ரெண்டா?” என்றார், எல்லாருக்கும் கேட்கும்படி.

சிலர் சிரித்தார்கள். ரேலீனுக்கு முகம் சுட்டது. பின்னால் நின்ற கிளைவ் அவளைத் தாண்டி முன்னால் வந்தான்.

“ரெண்டு வைங்க ஆல்பி. ஒண்ணு அவளுக்கு, ஒண்ணு எனக்கு. செவ்வாய், வெள்ளி முப்பது தடவை ஓட்டினது நான். அவ மேல என்ன கோபம்? மாட்டிக்கிட்டது நாமதானே. வெளியே சொல்லாம விட்டது அவதான்.”

ஆல்பி இரண்டு சாசேஜை எடுத்து வைத்தார். ஒன்று நன்றாகக் கருகியிருந்தது. கிளைவ் அதைத் தான் எடுத்துக்கொண்டான்.

வீட்டுக்குத் திரும்பும்போது, “நான் அன்னைக்கே உன்கிட்ட கேட்டிருக்கணும்” என்றான்.

“ஆமா” என்றாள் ரேலீன்.

அதோடு அந்தப் பேச்சு அவர்களுக்குள் முடிந்தது.

ஆனால் ஊருக்குள் முடியவில்லை. அந்தக் கோடை முழுக்க ஆல்பி அவளோடு பேசவில்லை. பெர்னிஸ் விரலை மட்டும் தூக்கினாள், அதுவும் கிளைவ் ஓட்டும்போது.

நவம்பரில் கிரேடரின் வருடாந்தரக் கால அட்டவணை வந்தது. குதிரைத்தொட்டி ரோட்டுக்கு ஜனவரி இரண்டாம் வாரம் என்று போட்டிருந்தது. அதைப் பார்த்ததும் ரேலீன் நேரே ஹேமிஷிடம் போனாள்.

“ஜனவரில இந்த ரோட்டைத் தொடாதீங்க. நடுக்கோடை, மண்ணு மாவு மாதிரி இருக்கும். வழிச்சா எல்லாம் காத்துல போயிரும், மார்ச்சுக்குள்ள பழையபடி ஆயிரும். ஏப்ரல்ல மொத மழை பெஞ்சு, ரெண்டு நாள் காஞ்சதும் வழிச்சா கெட்டியா உக்காந்துக்கும். ஒரு தடவை வழிச்சாலும் வருஷம் தாங்கும்.”

“கம்ப்யூட்டர் தூரத்தை வெச்சுத்தான் வரிசை போடுது” என்றான் ஹேமிஷ்.

“கம்ப்யூட்டர் அந்த ரோட்டுல குடியிருந்ததில்ல.”

ஹேமிஷ் பேனாவால் ஜனவரியை அடித்தான். “மழை பெஞ்சதும் எனக்கு போன் பண்ணுங்க. இந்த மாதிரி வேற ரோடு இருந்தாலும் சொல்லுங்க.”

அவளுக்குப் பதினொரு ரோடு தெரிந்திருந்தது. எல்லாவற்றையும் சொன்னாள். காளவாய் ரோட்டில் தண்ணீர் வெளியேற முதலில் பக்கத்து வாய்க்காலை வெட்ட வேண்டும், இல்லாவிட்டால் மூன்று தடவை வழித்தும் பிரயோஜனமில்லை என்பதையும் சேர்த்துச் சொன்னாள்.

ஏப்ரல் பத்தாம் தேதி நல்ல மழை. பன்னிரண்டாம் தேதி காலையில் ரேலீன் செருப்புக் குதியால் ரோட்டைக் கிளறிப் பார்த்து போன் பண்ணினாள். மறுநாள் மஞ்சள் கிரேடர் வந்தது. ஓட்டியவன் ஹார்ட்வெல் ஆள், வின்ஸ் என்று பெயர். இந்த ரோட்டுக்கு முதல் தடவையாக வருகிறான். இரண்டு நாள் வேலை. அந்த இரண்டு நாளும் ஆல்பி தன் வெள்ளை வண்டியில் அவனுக்குப் பின்னாலேயே போய், எந்த வளைவில் தண்ணீர் நிற்கும், எங்கே கல் தலை தூக்கும் என்று கையை ஆட்டி ஆட்டிச் சொல்லிக்கொண்டிருந்தார். பத்தரை மணிக்கும் மூன்று மணிக்கும் தேநீரும் அவரே கொண்டுவந்தார்.

இரண்டாம் நாள் சாயங்காலம் ரேலீன் வேலையிலிருந்து திரும்பும்போது, அவர் வண்டி எதிரே வந்தது. பக்கத்தில் வந்ததும் நின்றது. கண்ணாடி இறங்கியது. ஏழு மாதத்துக்குப் பிறகு.

“அந்தப் பையன் பரவாயில்ல” என்றார் ஆல்பி. “நடுவுல மேடா, ரெண்டு பக்கமும் சரிவா, அழகா வெச்சுட்டான். நம்ம பழைய ஆளு இப்படி வெச்சதில்ல.”

“நல்ல வேலைக்காரன்னு சொல்றாங்க.”

“ஏப்ரல்ல அனுப்பச் சொன்னது நீதானாமே. அவன் சொன்னான்.”

“ஆமா மாமா.”

ஆல்பி ஸ்டீயரிங்கைத் தட்டிக்கொண்டிருந்தார். நாய் ரேலீனைப் பார்த்து வாலை ஆட்டியது.

“அந்தக் காளவாய் ரோடு. ஒரு கெழவன் ஆஸ்பத்திரிக்குப் போறானாமே?”

“லெஸ்னு பேரு. வாரத்துக்கு மூணு தடவை.”

“ம்.” ஆல்பி நாயின் காதைத் தடவினார். “செப்டம்பர்ல கவுன்சில் தேர்தல் வருதுல்ல. நிக்கலாம்னு இருக்கேன். வரியை ஏத்தினவங்களை நாலு கேள்வி கேக்கணும். ஆனா கரவீன் ஓட்டு மட்டும் வெச்சு ஜெயிக்க முடியாதுன்னு பெர்னிஸ் கணக்குப் போட்டுச் சொல்றா. ஹார்ட்வெல் பக்கமும் போய்க் கேக்கணுமாம்.”

“கேளுங்க. ஆனா அங்க போய் வரியைக் குறைன்னு பேசினா, உங்களுக்கு யாரு போடுவாங்க? அவங்களுக்கு இப்பதான் குறைஞ்சிருக்கு.”

“அப்ப என்னத்தைப் பேசுறது?”

“மொதல்ல பேசாதீங்க. மார்லீன்னு ஒருத்தங்க இருக்காங்க, பஸ் ஓட்டுறாங்க. போய் அவங்க சொல்றதைக் கேளுங்க. நாளெல்லாம் சொல்லுவாங்க.”

ஆல்பி முகப்புப் பெட்டியைத் திறந்து, ஒரு பழைய ரசீதையும் பென்சிலையும் துழாவி எடுத்தார். ரசீதின் பின்பக்கத்தைத் தொடையில் வைத்துக்கொண்டு கண்ணை இடுக்கினார்.

“வீடு எதுன்னு சொல்லு” என்றார்.